ஆர்-ஃபோர் சீட்டில் உட்கார்ந்தது ஆருங்க?

கோயமுத்தூர் மண்ணில் இதுவரை பிறந்த சந்தேகப் பிராணிகளிலேயே ரொம்ப மரியாதையானவர் யார் என்று யாராவது போட்டி வைத்தால், மற்றவர்கள் பேசாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். கோப்பை எங்கள் பஜ்ஜியண்ணனுக்குத்தான். மனுஷர் எதையும் நம்ப மாட்டார். ஆனால் நம்பவில்லை என்பதை அவ்வளவு பணிவாகச் சொல்வார். கேட்கிறவருக்குக் கோபம் வந்து சேரவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அவர் எதிரில் இருப்பதைப் பிரித்துப் பார்த்து முடித்திருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டு தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் ஆபீஸ் மொத்தமும் அண்ணன் என்றது, நானும் அண்ணன் என்றேன். பதிலுக்கு அவர் பெண்கள் எங்கள் எல்லோரையும் அம்மணி என்றார், அதோடு கணக்கு நேராகிவிட்டது.

பஜ்ஜி எப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். சிங்காநல்லூரில் எங்கள் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே போய் எல்லோரும் பஜ்ஜியை வாங்கி வாயில் போடுவோம். இவர் வாங்கி, சுடச்சுட ஊதி ஊதி, மேல்மாவை இரண்டாகப் பிளந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் சாப்பிடுவார். தினமும். கடைக்காரர் பல நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டு, "ஏனுங்க, வாழைக்காய்னு சொல்லித்தானே குடுக்கறோம், உள்ளுக்க கல்லையா வெச்சிருக்கறோம்?" என்று கேட்டேவிட்டார்.

அண்ணன் எழுந்து நின்று பதில் சொன்னார். "தப்பா நெனைச்சுப்போடாதீங்க. நீங்க சொன்னதுல எனக்குத் துளி சந்தேகம் இல்லீங்க. இருந்தாலும் வாழைக்காய்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுன்னுதானுங்க." கடைக்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பிவிட்டார்.

ஒருமுறை வேலை விஷயமாக நாங்கள் நாலைந்து பேர் காங்கேயம் போக பஸ் ஏறினோம். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் காங்கேயம் என்று போட்டிருந்தது. நாங்கள் ஏறி ஜன்னல் சீட்டெல்லாம் பிடித்துவிட்டோம். இவர் கீழேயே நின்று கண்டக்டரைக் கேட்டார், அவர் ஆமாம் என்றார். அதுவும் போதாமல் முன்னால் போய் டிரைவரைக் கேட்டார். நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார், போர்டு எழுதினவர் வேறு, சீட்டுக் கிழிக்கிறவர் வேறு, ஓட்டுகிறவர் எங்கே போகிறாரோ பஸ்ஸும் அங்கேதான் போகும் என்று. டிரைவர் என்ன சொன்னார் தெரியுமா? போர்டு காலையில் மாட்டினதாம், மாற்ற மறந்துவிட்டார்களாம், கண்டக்டர் அந்த வண்டிக்குப் புதுசாம், வண்டி திருப்பூர் போகிறதாம். பிடித்த ஜன்னல் சீட்டையெல்லாம் விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு இறங்கினோம். அன்றிலிருந்து அவரைக் கிண்டல் செய்வதில் எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

அவிநாசிக்குப் பெண் பார்க்கப் போன கதை இன்னும் பிரமாதம். தட்டில் கேசரி வந்தது. பெண்ணின் சித்தி வழக்கப்படி, எல்லாம் எங்க பொண்ணு கையால செஞ்சது என்றார். இவர் கேசரியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், முந்திரி எங்கே வாங்கினீர்கள் என்று பெண்ணிடமே கேட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து, முந்திரி மட்டுமில்லை, கேசரியே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் வாங்கினது, எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டது. சித்திக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணன் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார். "என்ற வாழ்க்கையில உள்ளுக்க என்ன இருக்குதுன்னு பிரிக்கறதுக்கு முன்னாலயே சொன்ன மொத ஆளுங்க அவிய" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். கல்யாணத்தில் நாங்கள் சாப்பிட்ட கேசரியும் அதே கடைதான்.

இந்த மனுஷரோடுதான் என் வேலையும் மானமும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டன.

எங்கள் கம்பெனி சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனி. மில்லில் ஓடுகிற மோட்டாருக்கு, பம்புசெட்டுக்கு, காங்கேயத்துக் களங்களில் தேங்காய்ப் பருப்பைக் காய வைக்கிற சூட்டு அறைக்கு என்று பலதுக்கும் போர்டு செய்வோம். சூட்டு அறைக்கான போர்டுக்குப் புரோகிராம் எழுதியது நான். அதன் வேலை சுலபம். அறைச் சூடு அறுபது டிகிரியைத் தொட்டதும் ஹீட்டரை நிறுத்த வேண்டும், ஆறினால் மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே கம்பைலர் என்கிற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதுவது மனுஷர் படிக்கிற மாதிரி இருக்கும், அது சிப்புக்குப் புரியாது. அதைச் சிப்பின் பாஷைக்கு மாற்றித் தருகிற சாஃப்ட்வேர்தான் கம்பைலர். மாற்றினதை வரி வரியாகப் பார்க்கலாம், அதற்கு அசெம்பிளி என்று பெயர். பார்க்கலாமே தவிர யாரும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க 'இதை எடு, அதில் வை, அங்கே போ' என்று ஓடுகிற அந்த வரிகளைப் படிப்பதற்குப் பதில் ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். பஜ்ஜியண்ணன் ஒருத்தர்தான் அதை வார இதழ் மாதிரி படிப்பார்.

எங்களிடம் இருந்த கம்பைலர் அரதப் பழசு. மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். புதுசு வேண்டும் என்று மாசக்கணக்காக முதலாளி பின்னால் அலைந்து, சண்டை போட்டு, கடைசியில் வாங்க வைத்தவள் நான். வந்த முதல் வாரமே அதில் செய்த போர்டுகள் காங்கேயத்தில் செல்லமுத்து என்கிற களத்துக்காரருக்குப் போயின. மழைக்காலம், வெயிலில் காயப்போட வழியில்லை, மனுஷர் முழுக்க எங்கள் போர்டை நம்பியிருந்தார். அடுத்த வாரம் ஃபோன் வந்தது. பருப்பு கருகிவிட்டது. அதுவும் எல்லா அறையிலும் இல்லை, சில அறையில் மட்டும்.

எங்கள் லேபில் அதே போர்டை ஓட்டினால் தங்கமாக ஓடியது. பழைய கம்பைலரில் செய்த போர்டு காங்கேயத்திலேயே ஒழுங்காக ஓடியது. நான் எழுதினதை நான் பத்து தடவை படித்துவிட்டேன், ஒரு குற்றமும் இல்லை. கோபம் மூக்குக்கு மேல் ஏற, இது கம்பைலர் செய்த தப்பு என்று ஆபீஸ் நடுவில் நின்று அறிவித்தேன். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்வது, பரீட்சையில் கோட்டை விட்டவன் பேப்பர் திருத்தினவரைத் திட்டுகிற மாதிரி. பாதிப் பேர் மானிட்டருக்குப் பின்னால் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார், தப்பு கம்பைலர் மேலேயே இருக்கட்டும், அதைக் கொண்டுவந்தது நீங்கள்தானே என்று. வெள்ளிக்கிழமை செல்லமுத்து வருகிறார். அவரிடம் பழைய கம்பைலருக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்லப்போகிறேன் என்றார். "அப்பறம் நீங்களும் வேற எடம் ஒண்ணு பாத்துக்கிட்டீங்கன்னா செரியா இருக்குமுங்க." எங்கள் ஊரில் ஆளை வேலையை விட்டுத் தூக்குவதைக்கூட ங்க போட்டுத்தான் சொல்வார்கள். அதனால் வலி குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டு சீட்டுக்கு வந்தேன். வேலை போனால் போகட்டும். ஆனால் ஒரு களத்துப் பருப்பைக் கருக்கிவிட்டவள் என்று சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் பேர் வாங்கிக்கொண்டு போக நான் தயாராக இல்லை. அப்போது பஜ்ஜியண்ணன் வந்து நின்றார்.

கம்பைலர் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் நிஜமான வருத்தம். "பாக்காம ஒருத்தரு மேல பழி போடறது நல்லா இருக்காதுங்களே அம்மணி" என்றார். ஒரு சாஃப்ட்வேருக்காக என்னிடம் நியாயம் பேச வந்தாரே, அந்த நேரத்தில் பக்கத்தில் ஸ்டேப்ளர் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். அவரோ நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அசெம்பிளி முழுவதையும் பிரின்ட் எடுத்தார். லேப் மேஜை நிறைந்து, மிச்சத்தை ஸ்டூல் மேலும் ஏ.சி. மேலும் பரப்பினார். பிறகு விரலை வைத்து வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தார். சிப்புக்குள்ளே ரெஜிஸ்டர் என்று கொஞ்சம் இடங்கள் உண்டு, கையில் இருக்கிற எண்களை வைத்துக்கொள்ள. ஆர்-ஒன், ஆர்-டூ என்று வரிசையாகப் பெயர். உலகம் முழுக்க அதை அது, இது என்பார்கள். எங்கள் அண்ணனுக்கு அதெல்லாம் பழக்கமில்லை.

"ஆர்-டூ வாராருங்க. சூடு எவ்வளவுன்னு கேட்டு வாங்கிக்கறாருங்க. செரி. அக்கட்டால ஆர்-ஃபோர் உக்காந்திருக்கறாரு, அறுபது அவருகிட்ட இருக்குதுங்க. ரெண்டு பேரும் ஒத்துப் பாக்கறாங்க. எச்சா இருந்தா ஹீட்டரை நிறுத்திப்போடறாங்க. ஒரு வம்பும் இல்லீங்களே."

இப்படியே புதன்கிழமை போனது. ஆர்-ஃபோர் என்பவர் எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார். அவர் எழுந்தாரா, யாராவது அவர் கையிலிருந்து அறுபதை வாங்கினார்களா, வாங்கினால் திருப்பித் தந்தார்களா என்று நானும் பதற்றமாகக் கேட்க ஆரம்பித்தேன். நான் எழுதின ஹீட்டர் பக்கங்கள் முழுக்கப் படித்தாயிற்று, யாரும் எதுவும் செய்யவில்லை. கம்பைலர் எழுதின வரை எல்லாம் சரி. கம்பைலர் நிரபராதி என்றால் குற்றவாளி நான் ஒருத்திதானே மிச்சம்?

வியாழன் காலை வேறு வழியில்லாமல் செல்லமுத்துவுக்கே ஃபோன் போட்டேன். எந்தெந்த அறையில் கருகுகிறது என்று கேட்டேன். அவர் பெரிய புதிரைச் சொல்கிற மாதிரி சொன்னார். ஒரு அறையில் ரங்கன் என்று ஒருத்தன், ரொம்பப் பொறுப்பானவன், நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான், அவன் அறைதான் முதலில் கருகியது. பக்கத்து அறைக்காரன் சுத்தச் சோம்பேறி, மூட்டை மேல் படுத்துத் தூங்குகிறவன். அவன் அறையில் பருப்பு பளிச்சென்று வெள்ளையாக வந்திருக்கிறது. "அவன் கைராசி அப்படீங்க" என்று முடித்தார்.

நான் இதை அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரங்கன் சூட்டை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டார். போர்டில் ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் டிஸ்ப்ளேயில் சூடு தெரியும் என்றேன். நாம் லேபில் அதை அமுக்கினோமா? அமுக்கவே இல்லை. எங்களுக்குத்தான் எல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே தெரிகிறதே, அந்த மலிவுப் பட்டனைக் குனிந்து யார் அமுக்குவது?

அமுக்கினேன். திரையில் அறுபது என்று இருந்த இடத்தில் திடுதிப்பென்று எட்டு இலக்கத்தில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. அந்தச் சூடு வந்தால்தான் ஹீட்டர் நிற்கும். அந்தச் சூட்டில் பருப்பு மட்டுமில்லை, காங்கேயமே கருகிவிடும். ரங்கன் பாவம், பொறுப்பாக வேலை செய்யச் செய்யக் கருகியிருக்கிறது.

அண்ணன் பட்டன் வருகிற பக்கத்தைத் தேடி எடுத்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"அம்மணி, இங்க ஆரோ வந்து ஆர்-ஃபோர் சீட்டுல உக்காந்துபோட்டாங்க. அவருகிட்ட இருந்த அறுபதைத் தள்ளிவிட்டுப்போட்டு டிஸ்ப்ளே எண்ணை வெச்சுட்டாங்க. போறப்ப பழசை எடுத்தும் வெக்கலீங்க."

கம்பைலரா என்றேன். இல்லையாம். இந்த நாலு வரி மட்டும் கம்பைலர் எழுதினதில்லை, யாரோ கைப்பட நேராகச் சிப்பின் பாஷையிலேயே எழுதி நடுவில் செருகியிருக்கிறார்கள். அப்படிச் செருகலாம், தப்பில்லை. ஆனால் எந்தெந்த ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்கிறோம் என்று கூடவே கம்பைலரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அது மரியாதையாக அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்கும். இங்கே சொல்லவே இல்லை.

யார் எழுதினது என்று ஃபைலைத் திறந்து பார்த்தோம். எங்கள் எல்லாப் போர்டுக்கும் பொதுவான டிஸ்ப்ளே ஃபைல் அது. முதல் வரியில் 'யாரும் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எழுதின ஒரே ஆள் முதலாளி. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் அவரே உட்கார்ந்து எழுதினது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த நாலு வரியைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வார்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நேராக அவர் ரூமுக்குப் போய் மேஜை மேல் பேப்பரை அறைவதாக உத்தேசம். அண்ணன் உட்காரச் சொன்னார். பழைய கம்பைலரில் இது எப்படி ஓடியது என்று பார்க்காமல் போகக் கூடாதாம். கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி அந்த அசெம்பிளியையும் எடுத்தார். அதில் அறுபது வேறு யாரிடமோ இருந்தது, ஆர்-ஃபோர் சும்மா இருந்தார். காலி சீட்டில் உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால்தான் இத்தனை வருஷம் வம்பில்லை.

வெள்ளிக்கிழமை செல்லமுத்து வந்தார். வந்தவர் ஒரு மஞ்சப்பையை முதலாளி மேஜை மேல் கவிழ்த்தார். கரிக்கட்டை மாதிரி பருப்பு உருண்டது. முதலாளி தொண்டையைச் செருமி, புதுக் கம்பைலரால் வந்த வினை என்றும், கொண்டுவந்தவரிடம் சொல்லியாகிவிட்டது என்றும் ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேப்பரோடு உள்ளே போனார்.

"ஐயா, கம்பைலர் மேல தப்பு இல்லீங்க. அம்மணி மேலயும் இல்லீங்க. நீங்க ஆர்-ஃபோர் சீட்டுல உக்காந்திருக்கறீங்க. உக்காந்தது தப்பில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு உக்காந்திருக்கலாமுங்க."

முதலாளி முகம் சிவந்தது. இத்தனை வருஷமாக ஓடினது என்றார். ஓடினதுங்க என்றார் அண்ணன், அப்போ சீட்டு காலியாக இருந்தது, இப்போ ஆள் இருக்கிறார் என்று இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு காலத்தில் அவரும் இதைப் படித்தவர்தானே, விரலை வைத்துக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்கக் கோபம் இறங்கி, முகத்தில் வேறு என்னமோ வந்தது.

பேப்பரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செல்லமுத்து திடீரென்று, "பஸ்ஸுல துண்டு போடாம உக்காந்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

அதேதானுங்க என்றார் அண்ணன். துண்டு போட்டிருந்தால் அந்தச் சீட்டுக்குக் கம்பைலர் வந்திருக்கவே மாட்டார்.

முதலாளி முதலில் செல்லமுத்துவைப் பார்த்தார், பிறகு கரிப்பருப்பைப் பார்த்தார். "நாந்தானுங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து என் சீட்டுக்கே வந்தார். யாரும் தொடக் கூடாத அந்த ஃபைலைத் திறந்து, தன் நாலு வரிக்குக் கீழே விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையைத் தானே டைப் செய்தார். பட்டனை அமுக்கினோம். அறுபது அறுபதாகவே இருந்தது. கருகின பருப்புக்கு என்ன செய்வது என்பதை அவரும் செல்லமுத்துவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்துக்கொண்டார்கள். போகும்போது செல்லமுத்து, சோம்பேறி கைராசிக்காரன் இல்லை என்றால் ரங்கனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். முதலாளி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "புதுக் கம்பைலரே இருக்கட்டுங்க அம்மணி. நீங்களும் இருங்க."

நான் இருந்தேன். பஜ்ஜியண்ணன்தான் பிறகு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார். அங்கே அவர் யாருடைய எதைப் பிரித்துக்கொண்டிருக்கிறாரோ, கன்னடக்காரர்கள் பாடு.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால், ஆரம்பத்திலிருந்தே என்னை நம்பினீர்களா என்று கேட்டு வைத்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தலாமா என்றுகூட யோசித்திருப்பார், அவரால் முடியவில்லை. "இல்லீங்க அம்மணி. உங்க மேலதான் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அதனாலதானுங்க வந்து உக்காந்தேன்" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, வாரேனுங்க என்று போயே போய்விட்டார்.

அந்த வாரம் ஆபீசில் ஏழெட்டுப் பேர் வந்து, உங்களை நாங்கள் நம்புகிறோம் என்று என் தோளைத் தட்டினார்கள். தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நம்பாத மனுஷர் ஒருத்தர்தான் கடைசிவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.